கம்பிக்காரன் பங்காளி

சேந்தமங்கலத்துப் பள்ளிக்கூட வாத்தியார் போன வாரம் என் சித்தப்பன் மகன் வெள்ளையனைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். "கம்பிக்கார வெள்ளையன் வாழ்க்கை தரும் பாடங்கள்" என்று தலைப்பு. நான் உப்பு வாங்கப் போனவன். கடைக்காரன் கடையைச் சாத்திவிட்டுப் பிரசங்கம் கேட்கப் போய்விட்டதால், நானும் போய்க் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன்.

வாத்தியார் ஆறு பாடம் சொன்னார். விடாமுயற்சி என்றார், துணிவு என்றார், ஏழைகள் படும் பாட்டைக் கண்டு உருகும் மனம் என்றார். ஆறாவதுக்கு வரும்போது குரலைத் தாழ்த்தி, மேல்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "பகைவன் சொல்லையும் காதுகொடுத்துக் கேட்டவர் நம் வெள்ளையன்" என்றார். கூட்டம் கைதட்டியது. அந்தப் பகைவன் நான்தான். என் பெயரைச் சொல்லவில்லை. பகைவனுக்குப் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

என் பெயர் குழந்தைவேல். கொல்லிமலைக்காரன். மேட்டூரில் அணை கட்டி முடித்த காலம்வரை எங்கள் ஊர்ப் பக்கம் மலையிலிருந்து எது கீழே போனாலும் எங்கள் ஆட்களின் தலைமேல்தான் போகும். பலாப்பழம், வாழைத்தார், மிளகு, சாமை எல்லாம் இறங்கும். உப்பும் சீமெண்ணெயும் துணியும் ஏறும். அந்தச் சுமைக்காரர் வரிசையில் முன்னால் நடப்பவன் நான். எனக்கு முன் என் அப்பன் நடந்தார். முன்னால் நடப்பது என்றால் சும்மா இல்லை. மூச்சு எங்கே வாங்கும், கால் எங்கே வழுக்கும் என்று அறிந்து நடக்க வேண்டும். சுமையோடு போகிறவன் தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. அதனால் முன்னால் நடப்பவன் வாயிலிருந்து வரும் சொல்தான் எல்லாருக்கும் கண். நான் "நட" என்றால் வரிசை நடக்கும். "எறக்கு" என்றால் யோசிக்காமல், ஏன் என்று கேட்காமல், அத்தனை சுமையும் அந்த நிமிடமே தரைக்கு வரும். கரடி நின்றாலும் சரி, பாறை சரிந்தாலும் சரி, அந்த ஒரு சொல்லில்தான் உயிர்.

பேளுக்குறிச்சிச் சந்தையில் நான் போய் நின்றால் வியாபாரிகள் எழுந்து வருவார்கள். எனக்கு இருந்த சொத்து அதுதான். நாலு பேர் என் பின்னால் நடந்தார்கள், அவ்வளவே. எனக்கு அது போதும் என்றுதான் இருந்தேன்.

வெள்ளையன் அந்த வரிசையில் கடைசி ஆள். பூஞ்சைக் கழுத்து அவனுக்கு. நாலு எட்டு வைத்ததும், "கழுத்து வலிக்குதுங்ணா" என்று சுமையைக் கீழே வைத்துவிட்டு, பிடரியைத் தேய்த்துக்கொண்டு நிற்பான். ஏழைகள் படும் பாட்டைக் கண்டு உருகினானாம், வாத்தியார் சொல்கிறார். அவன் உருகியது தன் கழுத்துக்காக. எனக்குத் தெரியாதா?

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மேட்டூருக்குப் போய்விட்டான். அணை கட்டும் இடத்தில் கூலி வேலை. அங்கே கம்பியில் தொட்டி கட்டிக் கல்லும் மண்ணும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அனுப்புவார்களாம். வாயைப் பிளந்து பார்த்திருக்கிறான். அணை முடிந்ததும் அங்கே கழித்துப் போட்ட இரும்புக் கம்பி வடத்தை வாங்கி, மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு காரவள்ளி அடிவாரத்தில் வந்து நின்றான். கருகருவென்று, மசகெண்ணெய் நாற்றத்தோடு, மலைப்பாம்பு சுருண்டு கிடந்த மாதிரி கிடந்தது.

"இதென்னடா கண்ணு, யானைக்குக் கால் சங்கிலியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"மேல கொண்டாரோணுமுங்ணா. உங்க ஆளுகள விட்டா இந்த மலையில யாரால முடியும்?" என்றான்.

அந்தப் புகழ்ச்சிக்கு மயங்கினேன். சுருளைப் பிரித்து, தேர்வடம் மாதிரி நீளமாக அத்தனை பேர் தோளிலும் ஏற்றி, முன்தலையை நான் பிடித்துக்கொண்டு, "நட" என்று சொல்லி மலையேறினேன். என் சோற்றில் மண்ணைப் போட வந்த கம்பியை என் தோளில் சுமந்து நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். இதை வாத்தியார் எந்தப் பாடத்திலும் சொல்லவில்லை.

அவன் செய்தது இவ்வளவுதான். பாதையில் பாதித் தூரம் செங்குத்து. அந்தச் செங்குத்தின் உச்சியில் ஒரு பெரிய பாறை. அதைச் சுற்றிக் கம்பியைக் கட்டி, மறுமுனையைப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கீழே ஒரு கரட்டுக் குன்றில் கட்டினான். பக்கத்திலேயே இன்னொரு கம்பி. கம்பியில் கப்பி, கப்பியில் கூடை. மேலே ஒரு மரச்சக்கரம். அதில் ஓடும் கயிற்றின் ஒரு முனை இறங்கும் கூடையில், மறுமுனை ஏறும் கூடையில். பலாப்பழக் கூடை தன் கனத்தில் இறங்கும்போது கீழிருந்து உப்புக் கூடை தானாக மேலே வரும். வேகத்தை அடக்கச் சக்கரத்தின் மேல் ஒரு கனத்த கட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தான். கட்டையைத் தூக்கிப் பிடித்தால் சக்கரம் ஓடும்; இறக்கிவிட்டால் நிற்கும்.

முதல் கூடை இறங்கிய அன்று ஊரே பாறைமேல் நின்றது. நாங்கள் காலையில் கிளம்பினால் கஞ்சி நேரத்துக்கு இறங்கும் தூரத்தை அந்தக் கூடை வெற்றிலை போட்டு மெல்லும் நேரத்தில் இறங்கிவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். என் பெண்டாட்டி பாவாயியின் குலவைதான் எல்லாவற்றையும்விடச் சத்தம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மூடி மறைப்பானேன்? எரிந்தது.

அதன்பிறகு என் வரிசை தேய ஆரம்பித்தது. முதலில் செங்கோடன் போனான். என் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தவன், என் "எறக்கு" காதில் விழுமுன்னே இறக்குகிறவன். அவன் இப்போது வெள்ளையனுடைய சக்கரத்தில் கட்டையைத் தூக்கிப் பிடிக்கிறான். "ஏன்டா போன?" என்று கேட்டேன். "கழுத்து வலிக்கறதில்லீங்ணா" என்றான். வெள்ளையன் தன் கழுத்து வலியை ஊருக்கே ஒட்டவைத்துவிட்டான். என்னோடு நடக்கக் கிழடும் கெட்டையுமாகக் கொஞ்சம் பேர்தான் மிஞ்சினார்கள். நான் அதுவரை தலையில் சுமந்தது சுமையை. ஊர் தலையில் தூக்கிவைத்து ஆடியது அவனை.

சும்மா இருப்பேனா? செங்குத்துப் பாதையில் பாதி வழியில் கன்னிமார் கற்கள் இருக்கின்றன. அந்த இடத்தைத் தாண்டும் ஒவ்வொரு சுமைக்கும் ஒரு பச்சைத் தழையை ஒடித்துக் கன்னிமாருக்குப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. ஆளுக்கு ஒன்று இல்லை, சுமைக்கு ஒன்று. வெறுங்கையோடு போகிறவன் போட வேண்டியதில்லை. முதல் தழை போடுவது முன்னால் நடப்பவன் உரிமை. நான் ஊர்க்கவுண்டர் அண்ணாமலையிடம் போய் ஊரைக் கூட்டச் சொன்னேன்.

"சுமையெல்லாம் கன்னிமார் தலைக்கு மேல பறக்குதுங்க. தழை போடறது யாருங்க? நாளைக்கு மழை பெய்யலீன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டேன்.

அத்தனை நாளும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள். கவுண்டர் கம்பியை நிறுத்தச் சொன்னார். வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டு, "வழி பண்றனுங்க" என்று மட்டும் சொன்னான். அந்த வாரம் முழுக்க எனக்கு நல்ல பசி. பாவாயி அளந்து போட்ட களி பற்றவில்லை. செங்கோடன்கூட மறுபடி என் வரிசையில் வந்து நின்றான்.

அப்புறம் வெள்ளையன் எல்லாரையும் கன்னிமார் கற்களுக்கு அழைத்துப் போனான். அந்த இடத்தில் மலை புடைத்துக்கொண்டு கம்பிக்குப் பக்கமாக வரும். அங்கே நெட்டை மூங்கில் ஒன்றை நட்டு, அதன் நுனியில் கவட்டைக் கிளை ஒன்றைக் கட்டியிருந்தான். மேலே கை காட்டினான். கூடை இறங்கி வந்தது. அதன் அடியில் ஒரு தழைக்கொத்து தொங்கியது. கவட்டையில் பட்டதும் கொத்து கழன்று, சுற்றிச் சுற்றி வந்து நேராகக் கன்னிமார் கல்லின் மேல் விழுந்தது. கூடை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

கவுண்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நம்ம பாட்டன் காலத்துலகூட இத்தன தழை விழுந்ததில்லைடா சாமி" என்றார். அந்த அதிசயத்தைப் பார்க்கப் பேளுக்குறிச்சியிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே மிளகும் பலாவும் விலை பேசிவிட்டுப் போனார்கள். அவனைக் கவிழ்க்க நான் தோண்டிய பள்ளத்தில் அவன் கிணறு வெட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வழியில் என்னைப் பார்த்து நின்றான். "நல்லவேளை சொன்னீங்ணா. எனக்குத் தோணவே இல்லை" என்றான். குத்திக்காட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனதாரத்தான் சொன்னான். அவன் குத்திக்காட்டியிருந்தால் அன்று எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. வெள்ளையன் கப்பி வாங்க மேட்டூர் போயிருந்தான். ஊரில் அரிவாள், கலப்பை, களைக்கொத்து எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தார்கள். பாவாயி பெண்களைக் கூட்டிக்கொண்டு பாறைக்குக் கிளம்பினாள்.

"எங்கடி போற?" என்றேன்.

"கொழுந்தனாரு கம்பி கரிச்சட்டியாட்டம் கெடக்குதுங்க. ஊருக்கே சோறு போடற கம்பி, நல்ல நாளும் அதுவுமா அப்படிக் கெடக்கலாமுங்களா?"

புளியைக் கரைத்து, உப்பும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தார்கள். பாறையைச் சுற்றிக் கம்பி வளைந்து கட்டியிருக்கும் இடத்தில் கை எட்டும் மட்டும் மசகெல்லாம் போகத் தேய்த்து, பித்தளைக் குடம் விளக்குவதுபோல விளக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் பூசிப் பொட்டும் வைத்தார்கள். வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. நான் சுமை தூக்கும் தடி என் அப்பன் காலத்துத் தடி. அதை ஒருநாளாவது பாவாயி கழுவியிருப்பாளா? கேட்டால், "அது குச்சிதானுங்க" என்பாள்.

திரும்பி வந்த வெள்ளையன் கம்பியைப் பார்த்து முகம் செத்துப்போனான். ஆனால் பெண்கள் எல்லாரும் பல்லெல்லாம் தெரிய நின்றார்கள். கைகூப்பினான். மறுநாள் மசகை எடுத்து மறுபடி அப்பினான். அதோடு சரியாயிற்று என்று நினைத்தான். அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது.

வேலை குறைந்துவிட்டதால் எனக்குப் பொழுது போகவில்லை. கம்பி கட்டிய பாறைக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்து, அவன் கூடைகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்க எரியும். எரிந்தாலும் பார்க்காமல் இருக்க முடியாது. மார்கழியில் ஒருநாள் எழுந்தபோது என் துண்டு கம்பியின் அடிப்பக்கத்தில் சிக்கிக்கொண்டது. குனிந்து பார்த்தேன். கம்பியை முறுக்கிய புரிகளில் ஒன்று அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மேலே மசகு பூசிக் கறுப்பாகத்தான் இருந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளேயிருந்து செம்பொடி கொட்டியது. புளியும் உப்பும் உள்ளே போய் உட்கார்ந்து, மேலே பூசிய மசகுக்கு அடியில் இரும்பைத் தின்றுகொண்டிருந்தன.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பொங்கல் ஒரு மாதம் முன்னாலேயே வந்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. யார் கேட்டார்கள், சொல்ல? கம்பிக்கு அடியில் வெறும் பள்ளம், ஆள் நடமாட்டம் கிடையாது. ஒருநாள் பலாப்பழக் கூடையோடு அறுந்து விழட்டும். பழம் போனால் போகிறது. செங்கோடன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து என் பின்னால் நிற்பான். சந்தையில் வியாபாரிகள் எழுந்து வருவார்கள். அதை நினைத்துக்கொண்டே தினமும் போய்ப் பார்த்தேன். இன்னொரு புரி போயிற்று. அப்புறம் இன்னொன்று. அவன் கம்பியை அவனைவிட அதிகமாகப் பார்த்தவன் நான்தான்.

தை மாதம் சேலத்திலிருந்து ஒரு பெரிய துரை கம்பியைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. துரை மலையேற வேண்டுமே? கூடையில் ஆள் ஏற்றுவதில்லை. அதனால் நாற்காலியில் மூங்கில் கட்டி, துரையை நாங்கள்தான் தூக்கி வந்தோம். அந்த வாத்தியார் கூடவே பேசிக்கொண்டு மூச்சிரைக்க நடந்து வந்தார். துரையைச் சுமந்தது நான். துரை பார்க்க வந்தது அவனை.

பாறைமேல் மாலையும் கையுமாக ஊர் கூடியிருந்தது. கூடைகள் இறங்கின, ஏறின. தழைகள் விழுந்தன. துரை தலையை ஆட்டினார். பிறகு இங்கிலீசில் ஏதோ கேட்டார். வாத்தியார் வெள்ளையனைப் பார்த்து, "பழம் போகுது சரி, மனுசன் போனா தாங்குமான்னு கேக்கறாரு" என்றார்.

"தாங்குமுங்க" என்றான் வெள்ளையன். யாரும் எதிர்பார்க்கவில்லை, துண்டை இடுப்பில் கட்டினான். "நானே எறங்கிக் காட்டறனுங்க" என்று கூடையில் காலை வைத்தான்.

பயந்தால் வயிற்றில் புளியைக் கரைத்த மாதிரி என்பார்கள். கம்பியில் கரைத்த புளி மொத்தமும் அப்போது என் வயிற்றில் இறங்கியது. எனக்கு அவன் கூடை விழ வேண்டும். அவன் விழக் கூடாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். பாதிப் புரிக்கு மேல் போயிருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் எனக்குத் திரும்பி வரும். ஒருத்தருக்கும் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மூச்சு நேரம் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

செங்கோடன் கட்டையைத் தூக்கினான். சக்கரம் அசைந்தது. கூடை பாறை விளிம்பை விட்டு அந்தரத்துக்குப் போனது. உள்ளே உட்கார்ந்திருந்த வெள்ளையன் பிடரியைத் தேய்த்துக்கொண்டான். சின்ன வயதில் வரிசையின் கடைசியில் நின்று தேய்ப்பானே, அதே மாதிரி.

"எறக்கு!"

அது என் வாயிலிருந்துதான் வந்தது. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் செங்கோடன் கைக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடம் என் பின்னால் நடந்த கை. யோசிக்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. கட்டையைப் பொத்தென்று சக்கரத்தின் மேல் இறக்கினான். கூடை ஆடிக்கொண்டு நின்றது. நாற்காலி தூக்கி வந்த என் ஆட்கள் கையிலிருந்த சொம்பைக்கூடக் கீழே வைத்துவிட்டார்கள்.

"இழுங்கடா அவனை!" என்று கத்தினேன். "கம்பி போச்சு! அறுந்துரும்!"

கவுண்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரிய மனுசன் வந்த எடத்துலயும் உன் பங்காளிக் காய்ச்சலக் காட்டோணுமா குழந்தவேலு?" என்றார். கூட்டத்தில் சிரிப்பு. "தழை போயி இப்பக் கம்பிக்கு வந்துட்டாரு" என்று ஒரு குரல். பாவாயி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க, மானத்த வாங்காதீங்க. ஊட்டுக்குப் போங்க" என்றாள். வாத்தியார் துரையிடம் என்னவோ சொன்னார். துரை புன்னகை செய்தார். ஊரில் ஒருத்தர்கூட என்னை நம்பவில்லை. நான் அவர்களாக இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

வெள்ளையன் மட்டும் சிரிக்கவில்லை. கூடைக்குள் இருந்தபடியே என் முகத்தைப் பார்த்தான்.

"எங்கீங்ணா?" என்றான்.

"பாறைக்குப் பின்னால. வளைவுல, அடிப்பக்கம்."

"செங்கோடா, கூடைய உள்ள இழு" என்றான். இறங்கினான். நேராகப் பாறைக்குப் பின்னால் போய், கம்பிக்கு அடியில் கையை விட்டு நகத்தால் சுரண்டினான். விரல் நுனி சிவப்பாக வந்தது. இன்னொரு புரி அவன் கையோடு ஒடிந்து வந்தது. எத்தனை நாளாக எனக்குத் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கூடையில் தன் எடைக்குக் கல் ஏற்றி அனுப்பினான். கூடை இறங்கியது. கன்னிமார் கற்களைத் தாண்டியது. பிறகு பாறைக்குப் பின்னால் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். கம்பி சாட்டையாகச் சுழன்று பள்ளத்துக்குள் போனது. கற்கள் உருளும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நின்றேன். "குழந்தவேலு, உன்னாலதான்டா" என்று ஒரே ஒரு வார்த்தை. எனக்கு அது போதும். துரை போய் வெள்ளையன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை பேர் சிரித்தபோதும் ஒரு பொறாமைக்காரன் பேச்சை மதித்து இறங்கினாயே, இது அல்லவா பெரிய மனசு என்றாராம். வாத்தியாருக்கு ஆறாவது பாடம் கிடைத்தது அங்கேதான். ஊரில் மீதிப் பேர், "குழந்தவேலு கண்ணு பட்டுத்தான் அறுந்துது. தெனம் பாறைக்குப் பின்னால உக்காந்து மொறைச்சுப் பாப்பான், நான் கண்டிருக்கேன்" என்று பேசிக்கொண்டார்கள். ஆக, அறுந்தது என்னால். பிழைத்தது அவன் பெருந்தன்மையால். பாவாயி மட்டும் அன்று களிக்கு மேலே கொஞ்சம் நெய் விட்டாள். மறுநாள் என் தடியைக் கழுவி வைத்திருந்தாள். புளி போட்டுத்தான்.

இரண்டு நாள் கழித்து வெள்ளையன் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றுகொண்டே பேசினான்.

"புதுக் கம்பி கொண்டாரப் போறனுங்ணா. தெனமும் காலையில நீங்க வந்து பாக்கோணும். நீங்க 'நட'ன்னாத்தான் சக்கரம் ஓடும். 'எறக்கு'ன்னா நிக்கும். நான் உள்ள இருந்தாலும் சரி, துரையே இருந்தாலும் சரி."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

"நீங்க எப்படியும் பாப்பீங்களாமா. அதான் கேட்டேன்."

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது தினமும் காலையில் போகிறேன். மிளகு வியாபாரிகளும் செங்கோடனும் வெள்ளையனும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். நான் அவசரப்பட மாட்டேன். வெற்றிலை போடுவேன். கம்பியை விரலால் தடவிக்கொண்டே வளைவைச் சுற்றி வருவேன். ஏதாவது குறை கிடைக்காதா என்று தேடுவேன். கிடைக்காது, படுபாவி நன்றாகத்தான் மசகு பூசி வைத்திருப்பான். அவன் முகத்தைப் பார்க்காமல் "நட" என்பேன். ஒரு நாளில் எனக்கு இனிக்கிற நேரம் அது ஒன்றுதான். அதையும் வாத்தியார் கேள்விப்பட்டுவிட்டால் ஏழாவது பாடம் ஆக்கி அவன் கணக்கில் எழுதிவிடுவார்.

வாத்தியாருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

புதுக் கம்பியை நாங்கள்தான் தோளில் ஏற்றி வந்தோம். முன்தலை என் தோளில். அதைக் கட்டி முடித்த அன்று வெள்ளையன் மறுபடி கூடையில் ஏறினான். வேண்டாம் என்று கவுண்டர் சொல்லியும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் காலையிலிருந்து நாலு தடவை பார்த்துவிட்ட கம்பியை ஐந்தாவது தடவை பார்த்துவிட்டு, பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டு "நட" என்றேன். கூடை போயிற்று. சின்னதாகிச் சின்னதாகி, கன்னிமார் கற்களைத் தாண்டி, மரங்களுக்குள் மறைந்தது. ரொம்ப நேரம் கழித்து, கீழே கரட்டின்மேல் அவன் துண்டை வீசுவது தெரிந்தது.

ஊரே கைதட்டியது. பாவாயி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள். குழந்தைவேல் மட்டும் கைதட்டவில்லை, இன்னும் அந்தக் காய்ச்சல் தணியவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். தணியவில்லைதான். ஆனால் நான் தட்டாததற்குக் காரணம் அது இல்லை. அவன் கூடையில் ஏறியதிலிருந்து அந்தத் துண்டைப் பார்க்கும்வரை, பாறைக்குப் பின்னால் அந்தக் கம்பியை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.